பால்வாடிப் பிள்ளைகளுக்குப் பறவை காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அங்கன்வாடியிலோ எல்கேஜி வகுப்பிலோ பறவை பார்க்கும் நிகழ்ச்சி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அடுத்த பேச்சு வேன் ஏற்பாடு பற்றித்தான் இருக்கும். வேடந்தாங்கல் போகலாமா, பழவேற்காட்டுக்குப் பூநாரை வந்திருக்கிறதாமே என்று ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். திருவொற்றியூரிலிருந்து வேடந்தாங்கல் போய்ச் சேருவதற்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கும், மீதி தூங்கியிருக்கும். அங்கே பறவைகள் இருப்பதோ ஏரிக்குள் நிற்கும் மரங்களில். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும். அதே பிள்ளை தண்டையார்பேட்டையில் தன் பால்வாடி வாசலிலேயே ஒரு காகம் எலும்புத் துண்டைக் காலால் அமுக்கிக்கொண்டு கொத்துவதை நான்கடி தூரத்தில் பார்க்க முடியும்.

இந்த வயதுக்குப் புதுப் பறவை தேவையில்லை. தினமும் வருகிற பறவையைத் தினமும் பார்த்தால் போதும். நாம் செய்யும் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

சுவரில் மாட்டியிருக்கும் சார்ட்டைப் பாருங்கள். பென்குயின் இருக்கும், நெருப்புக்கோழி இருக்கும், மயில் இருக்கும். நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவைக்கூடச் சில சார்ட்டுகளில் போட்டிருப்பார்கள். அது மரம் அடர்ந்த காட்டுப் பக்கம் வாழ்வது, வியாசர்பாடித் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் கண்ணில் படாது. காகம் ஒன்றுதான் நம் ஊர்ப் பறவையாக இருக்கும், அதையும் முழுக் கறுப்பாக வரைந்திருப்பார்கள். நம் தெருக் காகத்துக்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு வருவது அண்டங்காக்கை. கறுப்பு கிரேயானை மட்டும் கையில் கொடுத்து "காக்காய்க்குக் கலர் அடி" என்று சொன்னால், பிள்ளை கண்ணால் பார்த்ததைக் காகிதத்தில் மறக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். முதலில் வாசலுக்குக் கூட்டிப் போய்க் காகத்தின் கழுத்தைக் காட்டுங்கள். கலர் அடிப்பதெல்லாம் அப்புறம். உங்கள் தெருவுக்கு வரும் ஐந்தாறு பறவைகளைச் செல்போனில் படமெடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டினால் கடையில் வாங்கும் சார்ட்டைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது பெயர் ஒப்பிக்க வைப்பது. "இது என்ன? இது என்ன?" என்று வரிசையாகக் கேட்டால் பதில் தெரிந்த இரண்டு பிள்ளைகள் கத்தும், மற்றவை வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகள் வட சென்னையில் நிறைய உண்டு. அவர்கள் வீட்டில் சொல்லும் பெயரையே சொல்லட்டும், அதைத் திருத்தாதீர்கள். "என்ன செய்யுது?" என்று கேளுங்கள். பெயரே தெரியாத பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லும்.

பறவைகள் நடக்கும் விதத்தையே ஒரு வாரம் முழுக்கப் பார்க்கலாம். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். மைனா காலை மாற்றி மாற்றி வைத்து விறுவிறுவென்று நடக்கும். புறா ஒவ்வோர் அடிக்கும் தலையை முன்னே தள்ளும். காகம் நடக்கவும் செய்யும், அவசரம் வந்தால் பக்கவாட்டில் குதிக்கவும் செய்யும். மைனா நிற்கும்போது பழுப்பாகத் தெரிகிறது, கிளம்பிப் பறந்ததும் இறக்கையில் வெள்ளை பளிச்சென்று விரியும். ஒரு தடவை இதைக் கண்டுவிட்ட பிள்ளை அடுத்த மைனா பறக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராது. பார்த்துவிட்டு உள்ளே வந்ததும் ஆளுக்கொரு பறவையாக நடந்து காட்டச் சொல்லுங்கள். புறா நடை நடப்பதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். எந்தப் பிள்ளை எதைக் கவனித்தது என்பதும் அந்த நடையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். இதற்குத் தனியாகத் தேர்வு எதுவும் வேண்டாம்.

கையைக் கட்டு, வாயில் விரலை வை, சத்தம் போடாதே என்று மிரட்டி உட்கார வைப்பதும் தவறுதான். கன்டெய்னர் லாரி ஹாரனுக்குப் பழகிய பறவைகள் இவை, நான்கு வயதுக் குரலுக்குப் பறந்து போய்விடாது. அவற்றைக் கலைப்பது திடீர் அசைவு. ஓடுவதும் கையை வீசுவதும்தான் அவற்றுக்கு ஆகாது. அதனால் சத்தத்தை விட்டுவிட்டுச் சிலை விளையாட்டு விளையாடுங்கள். பறவை திரும்பிப் பார்த்தால் எல்லோரும் சிலை, அது கொத்த ஆரம்பித்தால் நாமும் அசையலாம். தலைக்கு மேலே கொக்கு போனால் நகத்தைக் காட்டிப் பூ கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று அடக்காதீர்கள். பறவைக்காக அண்ணாந்து பார்க்கும் பழக்கம் பலருக்கும் அங்கேதான் தொடங்குகிறது.

நேரம் பத்து நிமிடம் போதும். காலை பத்து மணி தாண்டினால் வெயிலும் ஏறிவிடும், பறவைகளும் நிழலுக்குப் போய்விடும். பைனாகுலருக்குச் செலவு செய்யாதீர்கள். சின்னப் பிள்ளையின் கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு அது பொருந்தாது, கையும் தாங்காது, அதை வைத்துச் சூரியனைப் பார்த்துவிட்டால் கண்ணே கெட்டுவிடும். அட்டைக் குழாய் இரண்டை ஒட்டிக் கொடுத்தால் அதுவே போதும்.

தீனி விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. சாப்பிடுவதற்கு முன் காக்காய்க்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வீட்டு வழக்கம், அதில் ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் நிகழ்ச்சி என்று சொல்லிப் பிஸ்கட்டும் சிப்ஸும் மிக்சரும் வாரி இறைத்தால் புறாக்கூட்டம்தான் சேரும். எச்சம் விழும், எலி வரும், உப்பும் சர்க்கரையும் பறவைக்கு ஆகாது. அதற்குப் பதில் தண்ணீர் வைப்பது நல்லது. அகலமான மண் தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வையுங்கள். காகம் காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து அதில் நனைத்துத் தின்பதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடும். மைனா இறங்கிக் குளித்தால் அன்றைக்கு வேறு பாடமே நடக்காது.

தட்டை வைத்துவிட்டு மறந்துபோவதுதான் இதில் பெரிய தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்துபோய்ப் பல மாதம் காத்திருக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தினமும் கொட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். தேய்க்கும் வேலை ஆயாம்மாவுடையது அல்லது டீச்சருடையது. பிள்ளைகள் சொம்பில் தண்ணீர் ஊற்றட்டும். இறகு பொறுக்கினாலும், தட்டுப் பக்கம் போனாலும், உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

வேடிக்கை காட்டுகிறேன் என்று கூண்டுக்கிளியைக் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் கிடக்கும் பறவையைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

காசிமேடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம். ஏலம் நடக்கும் நேரத்தில் துறைமுகத்துக்கு மேலே சுற்றும் பருந்துகளை அப்பாவோடு போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். தலையும் மார்பும் வெள்ளையாக, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் அது செம்பருந்து, வீட்டில் கருடன் என்பார்கள். உடம்பு முழுக்கப் பழுப்பாக, வால் நடுவில் வெட்டியது போல இருந்தால் கள்ளப்பருந்து. மீனை எது எப்படித் தூக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், கையையும் காலையும் ஆட்டிச் சொல்வார்கள்.

அதற்காகப் பிள்ளைகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரமும் வேண்டாம், கொக்கு நிறைய நிற்கும் என்றாலும் கரைக்குத் தடுப்பு இல்லாத இடங்கள் அதிகம். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் தலைக்கு மேல் இருக்க வேண்டும், ஏறி நிற்க ஒரு வாளிகூடக் கிடக்கக் கூடாது. கேட்டுக்கு உள்ளே நின்று பார்ப்பதே சரி.

ஏப்ரல் முதல் ஜூலை வரை காகம் கூடு வைத்திருக்கும். அந்த மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்தினால் மண்டையில் கொத்து விழும். தள்ளி நின்று பாருங்கள். குயில் பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும் என்பதால், காகம் தன்னைப் போல் இல்லாத ஒரு குஞ்சுக்கு ஊட்டுவதையும் அந்த மாதங்களில் பார்க்கலாம். தரையில் தத்திக்கொண்டிருக்கும் குஞ்சை அட்டைப்பெட்டியில் போட்டு வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். பெரும்பாலும் தாய்ப்பறவை பக்கத்திலேயேதான் இருக்கும். பூனை, நாய் பயம் இருந்தால் பெரியவர் யாராவது எடுத்துப் பக்கத்துக் கிளையில் வைத்தால் போதும், மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்கிவிடாது.

மாஞ்சா நூல் பற்றியும் சொல்லியாக வேண்டும். தடை இருந்தும் நம் பகுதி மரங்களில் அது தொங்குகிறது, அதில் மாட்டிய காகத்தைப் பிள்ளைகள் பார்க்கத்தான் செய்வார்கள். பேச்சை மாற்றாதீர்கள். நூலில் கண்ணாடித் தூள் இருக்கிறது, அது இறக்கையை அறுக்கும், நம் கையையும் அறுக்கும், தொடக்கூடாது என்று நேராகச் சொல்லுங்கள். பறவையை மீட்க வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு அவ்வளவு உண்மை தாங்கும்.

செல்போன் டவரால் சிட்டுக்குருவியே அழிந்துவிட்டது என்று சொல்வது வேறு. அது நிரூபிக்கப்பட்ட விஷயமும் இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் அதன் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றே சொல்கிறது. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஓட்டு வீடும் மளிகைக் கடையும் இருக்கும் தெருக்களில் காது கொடுத்தால் கேட்கும். இல்லை என்று அழ வைப்பதற்குப் பதில் இருக்கும் தெருவுக்கு ஒரு நாள் நடத்திக் கூட்டிப் போங்கள்.

கடைசியாகக் கணக்கு. பிள்ளையிடம் "எத்தனை காக்காய்?" என்று கேட்டுவிட்டு, தப்பாக எண்ணினால் திருத்துவது பலரிடமும் இருக்கும் பழக்கம். எண்ணத் தெரியாத பிள்ளைக்கு ஒரு டப்பாவும் கூழாங்கற்களும் கொடுங்கள். ஒரு காகம் வந்தால் ஒரு கல். ஒரு நாளைக்கு ஒரே பறவையைத்தான் எண்ண வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்தால் குழம்பிவிடும். டப்பாவில் உள்ளதை டீச்சர் எண்ணிக் காலண்டரில் அந்தத் தேதியில் எழுதி வைக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பெற்றோரோடு வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று இவர்களும் சேரலாம். அங்கே அனுப்பும் எண்ணைப் பெரியவர்தான் எண்ண வேண்டும். பிள்ளை கல்லைப் போட்டுக்கொண்டிருக்கட்டும்.