அமெரிக்கச் சிறு கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர், போமோனா என்று பெயர் சொன்னால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, “கேள்விப்பட்டதே இல்லையே, நல்ல கல்லூரிதானா?” என்பதுதான். விண்ணப்பிக்கிற நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவாகவே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் இவை. மொத்தமே இரண்டாயிரம் மாணவர்கள்தான், முன்னே பின்னே. இவற்றை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்பார்கள். அதைக் கேட்டதும் நம் ஊர்க் கலைக் கல்லூரியை நினைத்துவிட வேண்டாம்; இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் எல்லாம் உண்டு. எந்தப் பாடத்தில் பட்டம் என்பதை இரண்டாம் ஆண்டின் இறுதிவாக்கில் முடிவு செய்தால் போதும்.

வில்லியம்ஸில் டுடோரியல் என்று ஒரு வகுப்பு முறை இருக்கிறது. இரண்டு மாணவர், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வர, மற்றவர் அதைக் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டும். அடுத்த வாரம் ஆள் மாறும். கடைசி பெஞ்சு என்பதே கிடையாது. இந்த அறையை மனத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தைப் படியுங்கள். ஏன் இத்தனை கேட்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

படி 1: பணத்தை முதலில் பேசுங்கள்

தங்குமிடம், சாப்பாடு உட்பட ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். இதைக் கேட்டதும் தாளை மடித்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அவசரப்படாதீர்கள். ஆம்ஹர்ஸ்டும், போடன் என்ற இன்னொரு சிறு கல்லூரியும் வெளிநாட்டு மாணவருக்குக்கூட, பண உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே சேர்க்கை முடிவை எடுக்கின்றன. சேர்த்துவிட்டால், குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைக் கல்லூரியே ஏற்கும். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் போன்றவை பணத் தேவையையும் கணக்கில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் எடுத்துவிட்டால் முழுத் தேவையையும் ஈடுகட்டும்.

பண உதவி கேட்பதற்கான சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில் வீட்டின் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் ரூபாயிலேயே நிரப்பலாம். இதைப் பெற்றோருடன் உட்கார்ந்து செய்யுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் சொல்லாத அப்பாக்கள் இந்த ஒரு மாலையில் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்று: விண்ணப்பிக்கும்போது உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேர்ந்தபின் கேட்டால் பல கல்லூரிகள் தருவதில்லை. கௌரவம் பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

படி 2: பட்டியலும் தேதியும்

பெரும்பாலான கல்லூரிகளுக்குக் காமன் ஆப் என்ற ஒரே இணையப் படிவம். ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். இருபது கல்லூரிகள் வரை சேர்க்கலாம் என்றாலும் எட்டைத் தாண்டாதீர்கள். முன்கூட்டியே கட்டுப்படும் விண்ணப்பத்துக்கு நவம்பர் பாதிக்குள், வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரித் தொடக்கம் என்பது பொதுவான கெடு. முன்னதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். தரும் உதவித்தொகை போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். அதனால் அந்த வழியில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வும் ஜனவரிக் கெடுவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். கட்டுரைகளைத் தீபாவளிக்குள் முடித்துவிடுங்கள்.

எஸ்ஏடி என்ற பொதுத் திறன் தேர்வு கட்டாயமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். போடன் 1969 முதலே அதைக் கட்டாயமாக்கவில்லை. டோஃபல், டுவோலிங்கோ போன்ற ஆங்கிலத் தேர்வு வேண்டுமா என்பதையும் அந்தந்தக் கல்லூரியின் தளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் வாயால் கேட்காதீர்கள்.

படி 3: ஆசிரியர் கடிதம்

நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பாட ஆசிரியர்களும் பள்ளியின் சார்பில் ஒருவரும் கடிதம் தர வேண்டும். நம் பள்ளிகளில் கடிதம் என்றால் நன்னடத்தைச் சான்றிதழ் என்று பழக்கமாகிவிட்டது. “ஒழுக்கமானவன், நேரம் தவறாதவன், பெரியோர் சொல் கேட்பவன்” என்று வரும். மூன்றாவது குணம் அந்த டுடோரியல் அறைக்கு எந்த உதவியும் செய்யாது.

அதிக மதிப்பெண் போட்டவரை விட்டுவிட்டு, உங்களோடு வாதாடியவரைத் தேடிப் போங்கள். போகும்போது ஒரு பக்கக் குறிப்பு கொண்டுபோங்கள்: “சார், ஒளிவிலகல் பாடத்தில் நான் போட்ட கணக்கைத் தவறு என்றீர்கள், மறுநாள் கண்ணாடித் தொட்டி கொண்டுவந்து காட்டினேன், நினைவிருக்கிறதா?” அந்த ஒரு சம்பவம் கடிதத்தில் வந்துவிட்டால் போதும். கடிதத்தை நீங்களே எழுதி அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்குவது வேண்டவே வேண்டாம். உங்கள் கட்டுரையின் நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இருப்பதைப் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு ஆசிரியரின் மின்னஞ்சலுக்குப் போகும், ஸ்பாமில் கிடக்கும். நேரில் போய்த் தேடிக் கொடுங்கள்.

படி 4: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

காமன் ஆப் படிவத்தில், வகுப்புக்கு வெளியே நீங்கள் செய்கிற பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி சேர்த்து 150 எழுத்துகள், ஆங்கிலத்தில். மாணவர் தலைவர் பதவியும் கோப்பையும் இல்லையே என்று கலங்க வேண்டாம். மளிகைக் கடை வைத்திருப்பவர் மகள் ஒருத்தி முதலில் இப்படி எழுதியிருந்தாள்: “அப்பாவுக்குக் கடையில் உதவி செய்வேன்.” பேசிப் பேசிக் கேட்டபின் வரி இப்படி மாறியது: “தினமும் மாலை 6-9 கல்லாவில், 60 வீடுகளின் கடன் நோட்டைக் கணினியில் ஏற்றினேன், மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்கும் தனித்தனித் தவணை.” முதல் வரியில் ஒரு நல்ல பெண் இருக்கிறாள். இரண்டாவதில்தான் அவள் யோசிப்பது தெரிகிறது. வீட்டு வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும்கூட இந்தப் பட்டியலில் சேரும்.

படி 5: கட்டுரைகள்

முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். வறுமையை வென்றேன், அப்துல் கலாமைப் போல் ஆவேன் என்று தொடங்காதீர்கள். அந்தக் கடன் நோட்டு போதும்: யாருக்குக் கடன் நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்தாள், அதில் ஒருமுறை தவறியபோது என்ன ஆனது.

“எங்கள் கல்லூரி ஏன்?” என்று கேட்டிருந்தால், கல்லூரிப் பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெயரை மாற்றியும் பதில் பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். கிரின்னல் கல்லூரியில் எல்லோருக்கும் கட்டாயமான பாடம் முதலாண்டு டுடோரியல் ஒன்றுதான். அந்தச் சுதந்திரத்தை வைத்து என்னென்ன பாடங்களைச் சேர்த்துப் படிப்பீர்கள் என்று எழுதினால் அது கிரின்னலை மனத்தில் வைத்து எழுதிய பதிலாக இருக்கும்.

படி 6: அனுப்பிய பிறகு

ஒவ்வொரு கல்லூரியும் ஓர் இணையக் கணக்குத் தரும். வந்து சேராத ஆவணம் எது என்பது அதில் தெரியும். வாரம் ஒருமுறை பாருங்கள். அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி அனுப்ப வேண்டும், நினைவூட்டுங்கள். வழக்கமான விண்ணப்பத்துக்கு மார்ச் இறுதிவாக்கில் முடிவு வரும், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் பொதுத்தேர்வு இருக்கிறது. உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பங்களையும் விட்டுவிடாமல் போட்டு வையுங்கள். மார்ச் மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.