எடைமேடை மென்பொருளுக்குள் ஒரு சிறு வலைச் சேவையகம்

சேலம் வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வரத்து மிகும் நாட்களில், எந்த லாரி எத்தனை டன் கொண்டுவந்தது, அதன் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று அறிய முதலாளியும் கணக்கரும் எடைமேடை அறைக்கே நடக்க வேண்டியிருக்கிறது. அந்த அறைக் கணினியில் ஓடும், பைத்தான் நிரல்மொழியில் எழுதிய மென்பொருளுக்குள்ளேயே ஒரு சிறு வலைச் சேவையகத்தைப் பொருத்திவிட்டால், ஆலையின் வைஃபையில் இணைந்த எந்தக் கைபேசியிலும் அன்றைய எடைகளைப் பார்க்கலாம். இணைய இணைப்போ தனிச் சர்வர் கணினியோ தேவையில்லை.

பைத்தானுடன் வரும் 'ஹெச்டிடிபி.சர்வர்' தொகுதியில் 3.7ஆம் பதிப்பிலிருந்து உள்ள 'திரெடிங் ஹெச்டிடிபி சர்வர்' இதற்குப் போதும். இதில் அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகள் மட்டுமே உண்டு என்று பைத்தான் ஆவணமே எச்சரிப்பதால், பொது இணையத்தில் திறந்துவைக்காமல் ஆலைக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். 127.0.0.1 என்ற முகவரி கொடுத்தால் அதே கணினியில் மட்டுமே பக்கம் தெரியும். ஆகவே அக்கணினியின் வைஃபை முகவரியையும் 8080 என்ற போர்ட்டையும் (கணினிக்குள் சேவையகத்தின் வாசல் எண்) கொடுத்து, ரூட்டரில் அம்முகவரி மாறாதபடி அமைத்துவிடுங்கள்.

எடை போடும் வேலை வலைப்பக்கத்துக்காக ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கோரிக்கைகளுக்காக ஓயாமல் காத்திருக்கும் 'சர்வ் ஃபாரெவர்' என்ற கட்டளையை முதன்மைத் திரெட்டில் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழைகளில் திரையைக் கவனிப்பதில்) இட்டால் திரை உறைந்து லாரிகள் நின்றுவிடும். எனவே அதற்குத் தனித் திரெட் வேண்டும். அந்தத் திரெட் திரையின் பொத்தான்களையோ தரவுத்தள இணைப்பையோ தொடக் கூடாது. ஒவ்வோர் எடை முடிந்ததும் அன்றைய பட்டியலின் நகலொன்றை முதன்மை நிரல் ஒரு பூட்டின் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு) காவலில் எடுத்துவைக்கட்டும்; சேவையகம் அந்த நகலை மட்டும் படித்துப் பக்கமாக்கட்டும்.

கோரிக்கைகளைக் கையாள 'பேஸ் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர்' வகுப்பையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். 'சிம்பிள்' என்று தொடங்கும் வகுப்பு, கோப்புறையில் உள்ளவற்றையெல்லாம் கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துவிடும். தரவுத்தளக் கோப்பும் அங்கிருந்தால் அதுவும் போய்விடும். பக்கத்தைப் பார்க்கக் கேட்கும் 'கெட்' கோரிக்கைக்கு மட்டும் பதில் எழுதினால், யாரும் கைபேசியிலிருந்து எடையைத் திருத்த வழியிருக்காது.

தமிழில் பக்கம் தருவோர் பதிலின் நீளத்தை எழுத்துகளில் எண்ணாமல், யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்துக்கு மாற்றிய பிறகு பைட்டுகளில் எண்ண வேண்டும். 'சேலம்' நம் கணக்கில் மூன்றெழுத்து. துணைக்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் பைத்தான் கணக்கில் 5. அனுப்பும்போதோ 15 பைட்டுகள். தவறாக எண்ணினால் பட்டியல் பாதியில் அறுந்துவிடும்.

நான் முதன்முதலில் பொருத்தியபோது சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. கறுப்புக் கட்டளைச் சாளரம் தெரியாமலிருக்க, சாளரமின்றி நிரலை ஓட்டும் 'பைத்தான்டபிள்யூ' வழியாக இயக்கியதும் எந்தக் கைபேசியிலும் பக்கம் வரவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேவையகம் பிழைவெளியீட்டில் (பிழைச்செய்திகள் கறுப்புச் சாளரத்துக்குப் போகும் வழி) ஒரு வரி எழுத முயல்கிறது. சாளரமில்லாதபோது அந்த வெளியீடே இல்லாததால், பதில் கிளம்புமுன் அந்தக் கோரிக்கையின் வேலை முறிந்துவிடுகிறது. அவ்வரியை எழுதும் 'லாக் மெசேஜ்' செயல்கூற்றை நீங்களே எழுதி, அவ்வரியை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் இச்சிக்கல் எழாது.

மென்பொருளை மூடும்போது சேவையகத்தை நிறுத்தும் 'ஷட்டவுன்', பின்னர் அதன் போர்ட்டை விடுவிக்கும் 'சர்வர் குளோஸ்' என்ற வரிசையில் அழையுங்கள். சேவையகம் ஓடும் திரெட்டிலிருந்தே 'ஷட்டவுன்' அழைத்தால் அது தன்னைத்தானே எதிர்பார்த்து முடிவின்றி நிற்கும் என்பதால், முதன்மைத் திரெட்டிலிருந்துதான் அழைக்க வேண்டும்.