‘பிராஸ்டு ஆஃப்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது எப்படி

மார்க் ஹெர்மன் இயக்கி 1996இல் வந்த இந்த ஆங்கிலப் படம், மூடப்படவிருக்கும் ஒரு வட இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் நடத்தும் பித்தளை வாத்தியக் குழுவை (பிராஸ் பேண்டு) பற்றியது. இதை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க முதல் தடை, அதன் யார்க்‌ஷயர் பேச்சு. நம்மூர் ஆங்கிலத்தில் பழகிய காதுக்குப் பாதி வசனம் பிடிபடாது. அதனால் காதை மட்டும் நம்பி மொழிபெயர்க்க வேண்டாம். ஆங்கில சப்டைட்டில் கோப்பை ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் திறந்து, அதன் மேல் தமிழை எழுதுங்கள். ‘நௌட்’ என்றால் ஒன்றுமில்லை. ‘அவுட்’ என்று காதில் விழுவது பல இடங்களில் ‘ஏதாவது’ என்ற பொருளில் வரும் வட்டாரச் சொல். இரண்டும் குழம்பினால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். பிரிட்டிஷ் டிவிடி நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். திரைப்பட வேகம் 24. டிவிடிக்கான கோப்பை 24 சட்டகப் பதிப்பில் போட்டால் தொடக்கத்தில் பொருந்தும், 107 நிமிடப் படம் முடிவதற்குள் ஏறக்குறைய 4 நிமிடம் முந்திவிடும். இதற்குச் சில நொடிகளைத் தள்ளிவைப்பது மருந்தல்ல. சட்டக வேகத்தை மாற்றும் வசதியில் 25இலிருந்து 24க்கு மாற்றுங்கள். முதல் வசனம், கடைசியில் வரும் ஆல்பர்ட் ஹால் அரங்கப் பேச்சு இரண்டும் பொருந்தினால் நடுவில் உள்ளதும் பொருந்தும்.

ஒரு வரிக்கு 25 எழுத்து, திரைக்கு இரண்டு வரி போதும். பேச்சுத்தமிழில் எழுதுங்கள். சுரங்கத் தொழிலாளி செந்தமிழ் பேசினால் நகைச்சுவை செத்துவிடும்.

சொற்களில்தான் உண்மையான வேலை. சுரங்கம் மூடும்போது கொடுக்கும் பணத்தை ‘ஆட்குறைப்புப் பணம்’ என்றாலே போதும். சிங்கப்பூரில் செய்தி படிக்கும் எவருக்கும் புரியும். ‘ஸ்கேப்’ என்று யாராவது திட்டினால் ‘கருங்காலி’ என்று எழுதுங்கள். ‘துரோகி’ என்பது பொதுவான சொல். வேலைநிறுத்தத்தை முறித்தவனுக்குத் தமிழ்த் தொழிற்சங்கம் வைத்த பெயர் ‘கருங்காலி’தான். பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர்களின் 1984–85 வேலைநிறுத்தத்தின் காயம் படம் முழுக்க ஆறாமல் இருப்பதால், அந்தச் சொல்லின் சூடு குறையக்கூடாது. அடிக்கடி வரும் ‘பிளடி’யைச் சில இடங்களில் ‘எழவு’ ஆக்கலாம், மற்ற இடங்களில் விட்டுவிடலாம். எல்லா இடத்திலும் போட்டால் கோபம் மரத்துப்போகும்.

வாத்தியப் பெயர்களிலும் கவனம் வேண்டும். பிராஸ் பேண்டில் டிரம்பெட் கிடையாது, கார்னெட்தான். பேண்டில் சேரும் குளோரியா வாசிப்பது ஃபுளூகல்ஹார்ன். அவள் வாசிக்கும் ‘அரான்குவெஸ்’ என்ற இசையை, பேண்டை நடத்தும் டேனி ‘ஆரஞ்சு ஜூஸ்’ என்பார். அப்படியே எழுதுங்கள், தமிழிலும் சிரிப்பு வரும். தலைப்பில் இருக்கும் சிலேடைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பித்தளை வாத்தியம், வெறுத்துப்போன மனசு இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் கட்ட முயல வேண்டாம்.

‘லவ்’ என்று கூப்பிட்டால் ‘அன்பே’ என்று போடக்கூடாது. பேசுபவரைப் பொறுத்து ‘மா’, ‘கண்ணு’. ‘லாட்’ என்றால் ‘தம்பி’. பில் தன் அப்பா டேனியை ‘நீங்க’ என்பான். டேனி அவனை ‘நீ’ என்பார். சின்ன வயதுப் பழக்கம் உள்ள ஆண்டி என்ற இளைஞனும் குளோரியாவும் ‘வா, போ’தான். இதை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நடுப்படத்தில் மரியாதை மாறிவிடும்.

மருத்துவமனை வாசலில் இரவில் தலைக்கவச விளக்குகளோடு பேண்டு வாசிக்கும் காட்சியில் திரை வெறுமையாக இருக்கட்டும். ‘சோக இசை’ என்று எழுதுவது காட்சியைக் கெடுக்கும். டேனியின் மேடைப் பேச்சில் ஒவ்வொரு வரியும் அவர் வாய் திறந்த பிறகே வர வேண்டும். வெற்றிக் கோப்பையைப் பற்றி அவர் சொல்வதை எழுத்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால் அந்தக் கணம் வீண். முடிவில் வரும் எழுத்துகளையும் விடாதீர்கள்: 1984 முதல் 140 சுரங்கங்கள் மூடப்பட்ட கணக்கு அங்கேதான் வருகிறது.

சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். யுஎஸ்பியை நேரே தொலைக்காட்சியில் செருகினால் பல தொலைக்காட்சிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். மடிக்கணினியில் விஎல்சியில் ஓட்டி எச்டிஎம்ஐ கம்பியால் இணையுங்கள். இது வீட்டுக்குள் பார்க்க மட்டும். சமூக மன்றத்தில் திரையிடுவதென்றால் உரிமையாளரின் அனுமதியையும் சிங்கப்பூரின் ஊடக ஆணையமான ஐஎம்டிஏ விதிகளையும் முதலில் பாருங்கள்.