கீமோவுக்குப் பிறகு குமட்டல், வாந்தி: வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியவை

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். முதல் கீமோ ஏற்றிக் கூட்டிவந்த அன்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தார். ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இத்தனை பயந்தோம்?" என்றார். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைக் கவரை, வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆரம்பித்தது. தண்ணீர் தங்கவில்லை, மாத்திரையும் தங்கவில்லை. சாயங்காலம் டிரிப்ஸ் ஏற்ற ஓடினோம். அந்த மாத்திரைகளை எப்போது, எதற்குப் போடவேண்டும் என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு வீடு படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கீமோவுக்கு முன்பே கேட்டுவையுங்கள்

எல்லாக் கீமோவும் ஒரே அளவு வாந்தி தருவதில்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கடுமையானது. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் சிவப்பு மருந்தும் (டாக்ஸோரூபிசின்) அதோடு சேர்த்து ஏற்றும் சைக்ளோபாஸ்பமைடும் அதே வரிசைதான். வின்கிரிஸ்டின் போன்றவற்றில் வாந்தி குறைவு. "இவங்களுக்கு ஏத்துற மருந்துல வாந்தி எவ்வளவு வரும்? எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் அதிகம் வாந்தி எடுத்தவர், பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அவர்களுக்குக் கீமோ வாந்தியும் கூடுதலாக வர வாய்ப்புண்டு. ராத்திரியில் கூப்பிடவேண்டிய போன் நம்பரையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

படி 2: மாத்திரையை நேரப்படி கொடுங்கள், வாந்திக்காகக் காத்திருக்காதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் சரியாகச் செய்தாலே பாதிக் கஷ்டம் குறையும்.

கீமோ ஏறியதும் குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் செரோட்டோனின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியாக மூளைக்கு "வாந்தி எடு" என்று செய்தி அனுப்புகிறது. முதல் 24 மணி நேரத்து வாந்திக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நமக்கு எமெசெட் என்ற பெயரில் பழக்கமான ஆன்டான்செட்ரான் இந்தச் செய்தியைத்தான் தடுக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வருவது வேறு வாந்தி. அதில் சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளுக்குப் பெரிய பங்குண்டு. அதற்காகத்தான் மூன்று நாள் அப்ரெபிட்டன்ட் காப்ஸ்யூல், டெக்ஸாமெதசோன் என்று எழுதித் தருகிறார்கள். முதல் நாள் நன்றாக இருக்கிறாரே என்று இவற்றை நிறுத்தினால் மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

டெக்ஸாமெதசோனைச் சாப்பிட்ட பிறகு, காலையில் கொடுப்பது நல்லது. ராத்திரி கொடுத்தால் தூக்கம் போகும். சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்பதால் நீரிழிவு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும், மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும். ஆகவே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

ஒலான்சபைன் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். மருந்துச்சீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "இது மனநோய்க்குக் கொடுக்கிறதாச்சே" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மனநோய்க்கும் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் கீமோ குமட்டலுக்கு இது மிக நன்றாகக் கேட்கும் மருந்து. தூக்கம் வரும் என்பதால் இரவில் கொடுக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தபோதும் வாந்தி அதே அளவுக்குக் கட்டுப்பட்டது, தூக்கக் கலக்கமும் குறைந்தது. பகலெல்லாம் அசதியாகக் கிடக்கிறார் என்றால் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரை போட்ட அரைமணிக்குள் வாந்தி எடுத்தால், மறுபடி கொடுக்கலாமா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

படி 3: அடுப்பங்கரை வாசனையை அடக்குங்கள்

நமக்குப் பசியைக் கிளப்பும் தாளிப்பு வாசனை அவர்களுக்கு ஓங்கரிப்பைத் தரும். பூண்டு, மீன், சாம்பார் கொதி, ஊதுபத்தி, சென்ட், சில சமயம் கைகழுவும் சோப்புகூட. அவர் இருக்கும் அறையைவிட்டுத் தள்ளிச் சமையுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டில். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. மோர்ச்சாதம், இட்லி, இடியாப்பம், அரிசிக் கஞ்சி, ரஸ்க் எல்லாம் பொதுவாகத் தங்கும். அம்மாவுக்குப் பிடித்தது காய்ந்த நெல்லிக்காய், ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். வாய்ப்புண் வந்துவிட்டால் அதையும் எலுமிச்சையையும் விட்டுவிடவேண்டும். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் மரக்கரண்டி கொடுத்துப்பாருங்கள்.

அவருக்கு ரொம்பப் பிடித்த பண்டத்தைக் கீமோ அன்று செய்யாதீர்கள். அந்த ருசியும் குமட்டலும் மனதில் ஒட்டிக்கொண்டால் பிறகு அதைத் தொடவே மாட்டார். அன்பினால் நான் செய்த பால்கொழுக்கட்டை அப்படித்தான் போனது.

ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறையும் காலம் என்பதால் ரோட்டோர ஜூஸ், வெட்டிவைத்த பழம், கடைச் சட்னி வேண்டாம்.

படி 4: கொஞ்சம் கொஞ்சமாக

மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு வாய் போதும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். சாப்பிட்டதும் படுக்கவிடாமல் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்காரவையுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சாதீர்கள்.

படி 5: வாந்தி எடுத்துவிட்டால்

முதலில் வாயைக் கொப்பளிக்கச் செய்து, அரைமணி வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் அல்லது ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள், பாதி பாதியாக வேண்டாம். வாந்தியில் கீமோ மருந்தின் மிச்சம் இருக்கலாம். அதனால் ஏற்றிய முதல் 48 மணி நேரம் கையுறை போட்டே சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவேண்டாம்.

எப்போது ஓடவேண்டும்

ஒருநாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலைசுற்றி விழப் பார்க்கிறார், வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற கருப்போ தெரிகிறது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியவில்லை, கடும் தலைவலி, பேச்சில் குழப்பம். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், வாந்தி இல்லாவிட்டாலும், உடனே கிளம்புங்கள்.

படி 6: நோட்டில் எழுதுங்கள், அடுத்த கீமோவுக்கு எடுத்துப்போங்கள்

"வாந்தி எடுத்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது உண்மையில்லை. அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, டாக்டர் கேட்கும்போது "பரவாயில்லை சார்" என்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். எத்தனை முறை வாந்தி, எந்த நாள், எத்தனை மணி, என்ன தங்கியது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வாந்தி வராமல் குமட்டல் மட்டும் இருந்தாலும் எழுதுங்கள். சிலருக்கு மருத்துவமனை வாசலை மிதித்ததுமே குமட்டும். அதற்கும் முந்தைய இரவே போட மாத்திரை உண்டு.

இரண்டாவது சைக்கிளுக்கு (அடுத்த கீமோ சுற்றுக்கு) முன்னால் எங்கள் நோட்டை டாக்டரிடம் நீட்டினேன். மூன்றாம் நாள் பக்கத்தைப் படித்துவிட்டு, இரவுக்கு ஒலான்சபைன் சேர்த்து எழுதினார். அந்தமுறை மூன்றாம் நாள் காலை அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார். அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.