ஊர்க் கடலில் சுழியோடப் பெட்டி கட்டுவது எப்படி?

ஊருக்குப் போக ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டில் பெட்டி திறந்துவிடும். சித்திக்கு பிரஷர் பார்க்கும் கருவி, மச்சானின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, பெரியப்பாவுக்கு மாத்திரைகள், சொக்லேட். எல்லாம் அடுக்கி முடிந்தபின் தராசில் ஏற்றிப் பார்த்தால் நமக்கென்று ஏழெட்டுக் கிலோ மிஞ்சும். தண்ணீருக்கடியில் சுழியோடும் ஒரு முழு ஸ்கூபா செற் பதினைந்து கிலோவைத் தாண்டும். அதனால் எதைக் கொண்டுபோவது, எதை அங்கே வாடகைக்கு எடுப்பது என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

கனடாவிலிருந்து நாலு முறை திருகோணமலைக்கு இந்தச் சாமான்களோடு போய் வந்திருக்கிறேன். இப்போது ஒரே கணக்குத்தான் பார்க்கிறேன்: என் முகத்துக்கும் கண்ணுக்கும் உடம்புக்கும் அளவானதைக் கொண்டுபோவது, பாரமானதை அங்கே எடுப்பது.

அதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், நிலாவெளி, பாசிக்குடா, மட்டக்களப்புப் பக்கம் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. யூலை, ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இது வாய்ப்பு. டிசெம்பர் விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால் கிழக்கில் வடகீழ்ப் பருவக்காற்று. கடல் கலங்கி, படகும் போகாது. அப்போது மேற்குக் கரை, ஹிக்கடுவைப் பக்கம் யோசியுங்கள். திகதி தெரியாமல் சாமான் கட்டினால் பெட்டியிலேயே கிடந்து திரும்பி வரும்.

கட்டாயம் கொண்டுபோக வேண்டியது மாஸ்க். முதல் முறை போனபோது அங்கே இருக்கும்தானே என்று விட்டுவிட்டேன். வாடகை மாஸ்க்கின் சிலிக்கன் ஓரம் வெயிலில் காய்ந்து இறுகிப் போயிருந்தது. மேலே நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு மீற்றரில் இடது கண்ணுக்குக் கீழே நூல் மாதிரித் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மூக்கால் ஊதி வெளியேற்ற, மறுபடி நிறைய, மறுபடி ஊத. சிலிண்டரில் பாதிக் காற்று அதிலேயே போய்விட்டது. ஒரு ஆமை பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்ததாம். படகில் ஏறிய பிறகு கூட வந்தவர் சொல்லித்தான் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் கிளாஸ் போட்ட மாஸ்க்கையே செய்வித்துக்கொள்ளுங்கள். புது மாஸ்க் என்றால் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்பசை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கட்ட வேண்டும். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாவிட்டால் எத்தனை தரம் துப்பித் தேய்த்தாலும் புகை பிடிக்கும்.

அடுத்தது டைவ் கொம்பியூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கும் கைக்கருவி. வாடகைக்கு எல்லா இடமும் கிடைக்காது. உங்கள் உடம்பில் எவ்வளவு நைதரசன் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு நாளுக்கு நாள் தொடர்ந்து ஒரே கருவியில் இருக்க வேண்டும், இன்னொருவர் கையிலிருந்ததை வாங்கிக் கட்டக்கூடாது. பற்றரியைப் புறப்பட முன்பே மாற்றிவிடுங்கள்.

சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கொண்டுபோவதா என்பது உங்கள் விருப்பம். ஒன்றரைக் கிலோதான், வாயில் வைக்கும் சாமான் சொந்தமாக இருப்பது நிம்மதி. கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். ஜேர்மனி, சுவிஸ், நோர்வே பக்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சிலிண்டர் வால்வுக்குள் திருகிப் பூட்டும் டின் (DIN) வகை. ஊரில் பெரும்பாலும் அலுமினியச் சிலிண்டர். வால்வின் மேல் கவ்விப் பூட்டும் யோக் வகை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு அடப்ரர் இல்லாமல் போனால் விலை உயர்ந்த ரெகுலேட்டரைக் கரையில் வைத்துவிட்டு அவர்களுடையதைத்தான் வாங்கிக் கட்ட வேண்டி வரும். கூடவே நாலு ஓ-ரிங், ஒரு மவுத்பீஸ், சில கேபிள் ரை, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னுக்கு ஒரு பட்டி. எல்லாம் சேர்ந்து நூறு கிராம்கூட வராது. சிலிண்டர் வால்வில் "ஸ்ஸ்" என்று காற்றுக் கசியும்போது அந்தச் சின்னக் கறுப்பு வளையம்தான் அன்றைய நாளைக் காப்பாற்றும்.

உடுப்புக்கு வருவோம். அங்கே தண்ணீர் 27 முதல் 30 பாகை. நம் ஏரிகளில் போடும் 7 மி.மீ. உடுப்பும் தலைமூடியும் வீட்டிலேயே இருக்கட்டும். 3 மி.மீ. முழு நீள வெட்சூட் போதும். அரைக்கால் உடுப்பும் போதும் என்பார்கள். நான் முழு நீளத்தைத்தான் சொல்வேன். ஜெலிமீன், படகு ஏணியின் சிப்பி, வெயில் மூன்றுக்கும் அது காவல். இரண்டாவது டைவில் உடம்பு குளிரத் தொடங்கும்போது அருமை தெரியும்.

உடுப்பு மாறினால், மிதக்காமல் இறங்கக் கட்டும் ஈயக்கட்டியின் கணக்கும் மாறும், இதில் பலர் தடுமாறுகிறார்கள். தடித்த உடுப்பு உங்களை மேலே தூக்கும், மெல்லியது அவ்வளவு தூக்காது. ஆனால் ஏரி நன்னீர், ஊர்க்கடல் உப்பு. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். அதோடு அலுமினியச் சிலிண்டர் காற்றுத் தீரத் தீர மிதக்கப் பார்க்கும். கனடாவின் டோபர்மோரியில், ஏரித் தண்ணீரில் 12 கிலோ கட்டும் நான் நிலாவெளியில் 5 கிலோவில் நிற்கிறேன். உங்கள் எண் வேறாக இருக்கும். முதல் நாள் ஆழமில்லாத இடத்தில், கிட்டத்தட்டத் தீர்ந்த சிலிண்டரோடு ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள். ஈயம், மிதவைச் சட்டை, சிலிண்டர் மூன்றும் அங்கேயே எடுக்க வேண்டியவை. வாடகைச் சட்டையை மட்டும் கரையில் காற்றடித்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், இறங்குகிறதா என்று.

ஃபின்ஸில், பாதம் முழுவதும் மூடும் வகை இலேசு. ஆனால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் இறங்கினால் கரை முழுக்கச் செத்த முருகைக்கல் துண்டுகள், வெறுங்காலைக் கிழிக்கும். அதனால் நான் பூட்டி எனும் சுழியோடும் சப்பாத்தும் பட்டி வைத்த ஃபின்ஸும் கொண்டுபோகிறேன். புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். உயிருள்ள முருகைக்கல்லில் காலை ஊன்றாதீர்கள். அங்கே ஏற்கெனவே நிறையப் பாழாகிவிட்டது. கையுறை வேண்டாம், அது இருந்தால் கை எதையாவது பிடிக்கத்தான் போகும்.

மீன்பிடிப் படகுகள் ஓடும் கடல் என்பதால், நீளமான செம்மஞ்சள் மிதவைக் குழாய் ஒன்றும் விசில் ஒன்றும் சட்டையில் கொழுவியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ரோச் லைற்றும் தேவை, திருகோணமலைக் கோணேசர் கோவில் பாறையடிக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோவிலின் தூண்களை 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் இங்கேதான் கண்டார்கள். பாறை நிழலில் கல் எது, தூண் எது என்று வெளிச்சம் பிடித்தால்தான் பிரியும். பார்க்க மட்டும்தான், தொட்டுத் தடவ வேண்டாம். லித்தியம் பற்றரிகள் கைப்பையில், கத்தி பெட்டியில்.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பலர் கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கி. கிட்டத்தட்ட 53 மீற்றர் ஆழம். பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லையோ 40 மீற்றர். அதற்கான பயிற்சி இல்லாதவர்கள் அன்றைக்கே அந்தப் பக்கம் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலைக் கேளுங்கள். அதன் ஆழம் பாதிக்கும் குறைவு.

திரும்பும் நாளை முதலிலேயே கணக்குப் போடுங்கள். உடம்பில் சேர்ந்த நைதரசன் வெளியேற வேண்டும் என்பதால், பல நாள் சுழியோடியவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக்கூடாது. நான் ஒரு முழு நாள் விடுகிறேன். பலாலியிலிருந்து சென்னைக்குப் போகும் குறுகிய பயணத்துக்கும் இதே விதிதான். நம் ஆட்கள் மறப்பது மலைப் பாதையை. காலையில் நிலாவெளியில் சுழியோடிவிட்டு மாலையே வான் வண்டியில் ஏறி நுவரெலியா போவது, 1,800 மீற்றருக்கு மேல் ஏறுவது. விமானம் ஏறுவதைப் போலவே அதுவும் ஆபத்து. அந்த ஒரு நாளைக் கன்னியா வெந்நீரூற்றுக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கழுவித் தொங்கவிட்ட சாமானும் அதற்குள் காயும். ஈர உடுப்பைக் கட்டினால், மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் வைத்திருந்த இடத்தைத் தண்ணீரின் பாரம் தின்றுவிடும்.

இன்னும் அரைக் கிலோ இடம் இருந்தால் இன்னொரு மாஸ்க்கும் ஸ்நோர்க்கலும் வையுங்கள். என் மச்சான் நிலாவெளியில் பிறந்து வளர்ந்தவன், இருபது வருடமாக வலை இழுக்கிறவன். கடலுக்குள் தலையை விட்டு ஒருநாளும் கண் திறந்து பார்த்ததில்லை. புறாத்தீவுக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்கைக் கட்டிவிட்டேன். குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, "மச்சான், இதுகள் உயிரோட இப்பிடியா திரியுதுகள்?" என்று கேட்டான். அந்த மாஸ்க்கை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.