கோதுமைக்கு முன் பயறு, யூரியாவில் மிச்சம்

கோதுமைக்கு முந்தைய போகத்தில் பாசிப்பயறோ தட்டைப்பயறோ போட்டு, காய் பறித்ததும் செடியை மடக்கி உழுதுவிடுங்கள். கோதுமைக்கான தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை பொதுவாகக் குறைக்கலாம்; யூரியாவாகச் சொன்னால் சுமார் 43 முதல் 65 கிலோ. வேர் முடிச்சில் உள்ள ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. அந்தப் பச்சைத்தழை சீக்கிரம் மட்கி, சத்தைக் கோதுமை வேருக்கு விடுகிறது.

பயறு பூக்கும் சமயத்தில் ஒரு வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள், இது அவசியம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் உரத்தைக் குறைக்க வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டாலும் அப்படித்தான், மண்ணில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மணல் நிலத்தில் கனமழை பெய்தால் மட்கியதில் வந்த நைட்ரேட் (நீரில் கரையும் தழைச்சத்து) வேருக்கு எட்டாமல் கீழே இறங்கிவிடும். அப்புறம், மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) இதை நம்பிக் குறைக்காதீர்கள்.