புதினா சிரப்பைக் கெடுப்பது எது?

கோடை பிறந்தால் சேலத்தில் யாராவது ஒருவர் புதிதாகப் புதினா எலுமிச்சை சிரப் போட ஆரம்பிப்பார், இன்னொருவர் தட்டுவடைகளுக்கு நடுவே புதினாச் சட்னி வைத்து விற்கும் தட்டுவடை செட்டுக் கடை திறப்பார். இரண்டு பேரும் சந்தேகம் கேட்டு என்னிடம் வரும்போது, ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்புகளைத்தான் கொண்டு வருகிறார்கள். தழையை நன்றாக அலசு, அழுகலைப் பொறுக்கு என்பதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணெய் மாறிப்போவது

சிரப்பில் வாசனைக்கு விடும் புதினா எண்ணெய் வகை மாறிப்போவது, இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான்.

சூரமங்கலம் உழவர் சந்தையில் நாம் கட்டாக வாங்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். லேசான இனிப்பு வாசம், பச்சை இலை மணம், அவ்வளவுதான், குளிர்ச்சி அதிகம் இருக்காது. பெப்பர்மின்ட் வேறு செடி, அதில் ஜில்லென்று ஏறும் மென்தால் என்ற பொருள் தூக்கலாக இருக்கும். இது போதாதென்று உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் ஏக்கர் கணக்கில் பயிரிடும் மென்தால் புதினா ஒன்று இருக்கிறது, அதன் எண்ணெயில் பெரும்பங்கு மென்தால்தான். கடையில் கேட்டால் மூன்றுக்கும் ‘மின்ட் ஆயில்’ என்றே எடுத்துக் கொடுப்பார்கள்.

அம்மாபேட்டையில் ஒரு பெண், கல்யாண வரவேற்புக்கு சிரப் ஆர்டர் பிடித்திருந்தார். நான் போய் அண்டாவின் மூடியைத் திறந்ததும் தலைவலித் தைலம் வாடை குப்பென்று அடித்தது. சரி செய்கிறேன் என்று சர்க்கரையும், கோடையில் விற்கிற விலைக்கு வாங்கிய எலுமிச்சையும் மேலே மேலே கொட்டியிருக்கிறார். எவ்வளவு கொட்டினாலும் அது அடங்காது, ஏனென்றால் மென்தால் வெறும் வாசனை இல்லை, வாயிலும் மூக்கிலும் குளிரை உணரும் நரம்பையே தூண்டிவிடுகிறது. அத்தனையும் சாக்கடைக்குப் போனது. பாட்டிலை வாங்கிப் பார்த்தால் செடியின் பெயர் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, ஓரத்தில் பொடி எழுத்தில் சோப்பு, மெழுகுவர்த்திக்கு என்று போட்டிருந்தது. விற்றவர் “தைரியமா ஊத்துங்கம்மா, நல்லா வாசம் வரும்” என்றாராம். சாப்பிடுகிற பொருளுக்கு இப்படிச் சொல்லி விற்பவர்களை என்ன செய்வது!

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். லேபிளில் ஸ்பியர்மின்ட் அல்லது மெந்தா ஸ்பிகாட்டா என்று இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அப்புறம், ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவிட்டு முகருங்கள், மூக்குக்குள் ஜில்லென்று ஏறினால் அது மென்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்க்குப் பதில் தனி கார்வோன் வாங்குகிறவர்கள் எல்-கார்வோன் என்று கேட்டு வாங்க வேண்டும். டி-கார்வோன் என்பது அதன் கண்ணாடிப் பிம்பம், பெயர் ஒன்றாக இருந்தாலும் அது சீரகம் போலிருக்கும் கேரவே விதையின் வாசனைதான் தரும்.

நேராக ஊற்றுவது

எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும், முதல் டம்ளர் குடிப்பவருக்கு வாய் எரியும். கொஞ்சம் சர்க்கரையில் விட்டுக் கையால் கசக்கி, அந்தச் சர்க்கரையைச் சேருங்கள். லிட்டருக்கு ஒரு சொட்டில் தொடங்கி, ருசி பார்த்துத்தான் அடுத்த சொட்டு.

இலையைக் கொதிக்க விடுவது

வேண்டாம். வாசனை ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு மூடி வையுங்கள், கால் மணி நேரத்தில் வடிகட்டிவிடலாம்.

கறுக்கும் சட்னி

தட்டுவடை செட்டில் பச்சைச் சட்னி கறுத்துப்போனால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அரைத்ததும் இலையிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது, மிக்ஸி சூடானால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஐஸ் தண்ணீர் விட்டு, எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழியாமல் அரைக்கும்போதே சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். காலையில் மொத்தமாக அரைத்து வைக்காமல் இரண்டு தடவையாக அரைப்பது இன்னும் நல்லது.

வெயிலில் காயவைப்பது

இலையை நிழலில் காயவையுங்கள்.

விதை வாங்குவது

புதினா வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடுவதால் விதையில் வருவது தாய்ச்செடி மாதிரி இருக்காது. வாசம் பிடித்த கட்டிலிருந்து தண்டை எடுத்து நடுங்கள். ஏற்காட்டு நிழலில் தானாகப் படரும் செடி, கீழே சேலத்து வெயிலில் மதியத்துக்குள் துவண்டுவிடும், காலை வெயில் மட்டும் விழும் இடமாகப் பார்த்துத் தொட்டியை வையுங்கள்.

இலைதானே, எல்லாருக்கும் ஆகும் என்பது

சட்னி, பிரியாணி அளவில் இலை பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்குப் புதினா அதைக் கூட்டிவிடும். எண்ணெய் விஷயம் வேறு. அதை அப்படியே குடிக்கவே கூடாது, கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மீந்துபோன மென்தால் எண்ணெயைச் சளிக்கு நல்லது என்று கைக்குழந்தையின் மூக்கருகே தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு மூச்சே தடைபடலாம், அந்த பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.